காயில் ஏன் கருகுது? வோல்ட், ஆம்பியர், ஒரு வகுத்தல்

வங்கியில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுமாதமே ஆறுமுகநேரிக்கு மேற்கே இருக்கிற எங்கள் குடும்ப நிலத்தில் இறங்கினேன். நாலு ஏக்கர். தென்னை, ஊடுபயிராக வாழை, ஓரத்தில் கொஞ்சம் முருங்கை. ரசாயனம் போடுவதில்லை என்பதால் உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் மூன்று தடவை நான் போன கடை ஒன்று உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை.

என்னுடையது 5 எச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார். ஒரு தடவை காயில் கருகினால் செலவு காயிலோடு நிற்பதில்லை. குழாயை மேலே ஏற்ற, திரும்ப இறக்க ஆள்கூலி. வண்டி வாடகை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் இலை தொங்கி நிற்கிற வாழை. இயற்கை விவசாயத்தில் இடுபொருள் செலவைக் குறைத்துவிட்டோம் என்று கூட்டங்களில் பேசுகிறோமே, மோட்டார் செலவை யாராவது அந்தக் கணக்கில் சேர்க்கிறோமா? நான் சேர்த்துப் பார்த்தேன். பஞ்சகவ்யத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் காயில் கடையில் போய்ச் சேர்ந்திருந்தது.

"லோ வோல்டேஜு சார். இந்தப் பக்கம் எல்லாருக்கும் இதேதான்" என்றார் கடைக்காரர். எல்லாரையும் போல நானும் லைனைக் குறை சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டினேன். மூன்றாவது பில் வந்தபோதுதான் பழைய தொழில் புத்தி முழித்தது. ஒரே கணக்கில், ஒரே இடத்தில், மூன்று முறை பணம் போனால் தணிக்கைக்கு வருகிறவர் விட மாட்டார். எங்கே கசிகிறது என்று கேட்பார்.

மல்டிமீட்டர் ஒன்றும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் வாங்கினேன். பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, மீட்டரே இல்லாத கரண்டுக்கு என்ன கணக்கு போடுதீய?"

அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்து நம் விவசாயிகள் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தார்கள். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆனால் பில் வராத பொருளை யாரும் அளப்பதில்லை. மின்சாரத்துக்குப் பணம் கேட்பதில்லை, காயிலுக்குக் கேட்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சுலபம். பக்கக்குழாய் ரொம்ப நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் முதல் செடியில் தண்ணீர் நன்றாக விழும். கடைசிச் செடியில் சொட்டத் தயங்கும். அழுத்தம் வழியிலேயே செலவாகிவிடுகிறது. மின்சாரத்தில் அழுத்தத்துக்குப் பெயர் வோல்ட். ஓடுகிற அளவு ஆம்பியர். ஒல்லிக் குழாய் கொடுக்கிற எதிர்ப்பு ஓம், தமிழில் மின்தடை. மூன்றுக்கும் உறவு ஒரே ஒரு வகுத்தல்தான்:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்.

இதைச் சொன்ன கியோர்க் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 1827-இல் புத்தகமாகப் போட்டார். அவர் நாட்டுப் பெரியவர்கள் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை; 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு கூடியது. உள்ளூரில் மதிப்பு கிடைக்க வெளியூர்க்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது நமக்குப் புதிதில்லை.

அடுத்தது திறன், அதாவது வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கம்பியிலோ ஜாயிண்டிலோ எவ்வளவு சூடாகி வீணாகிறது என்று பார்க்க இன்னொரு வழி: ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, ஓமால் பெருக்க வேண்டும். ஆம்பியர் இரண்டு தடவை வருகிறது, கவனியுங்கள். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. கூட்டுவட்டி மாதிரி, கொஞ்சம் கூடினாலும் ஓடி ஏறும்.

இப்போது என் தோட்டம். ஸ்டார்ட்டர் இருக்கிற ஷெட்டிலிருந்து போர் 200 மீட்டர் தள்ளி. முன்பே போட்டிருந்த கேபிள் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு. முதல் தடவை வந்த வயர்மேன் மோட்டாரை நிறுத்திவிட்டு போர்வாயில் மீட்டரை வைத்தார். 400 வோல்ட் காட்டியது. "போர்டிலயும் 400, இங்கயும் 400. வோல்டேஜ் சரியாத்தான் வருது சார்" என்று போய்விட்டார். தவறு அங்கேதான். சொட்டுநீர்க் குழாயின் கடைசியை மூடிவைத்துவிட்டு அழுத்தம் பார்த்தால் முதலிலும் கடைசியிலும் ஒன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் ஓடினால்தான் இழப்பு தெரியும். மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். இதை நீங்களே செய்யப் போகாதீர்கள். 400 வோல்ட் விளையாட்டில்லை. உரிமம் உள்ள வயர்மேன் அளக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை, மோட்டார் ஓட, நாங்கள் எடுத்த அளவு இது. போர்டில் மூன்று ஜோடியிலும் 400 வோல்ட். போர்வாயில் சிவப்பு-மஞ்சள் 375, மஞ்சள்-நீலம் 370, நீலம்-சிவப்பு 372. ஆம்பியர் மூன்று ஃபேஸிலும் 11-ஐ ஒட்டி, ஒன்றில் சற்றுக் கூட, ஒன்றில் சற்றுக் குறைய. மோட்டாரின் பெயர்த்தகட்டில் போட்டிருப்பது 415 வோல்ட், 9.5 ஆம்பியர்.

ஆக, லைனில் 400 வருகிறது. பெயரளவில் 415, அதில் நூற்றுக்கு 6 பங்கு கூடக்குறைய இருக்கலாம் என்பதுதான் விதி. 390 வரை அனுமதி உண்டு. அப்படியானால் லைனைத் திட்ட எனக்கு உரிமையில்லை. 25 முதல் 30 வோல்ட் வரை தொலைவது என் சொந்தக் கேபிளில்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் சும்மா இருக்காது. தண்ணீரைத் தூக்கும் வேலை அப்படியே இருப்பதால், குறைந்த வோல்ட்டுக்கு ஈடாக ஆம்பியரைக் கூட இழுக்கும். 9.5 இருக்க வேண்டிய இடத்தில் 11. காயிலுக்குள் சூடு எவ்வளவு கூடும்? 11 × 11 = 121. 9.5 × 9.5 = 90.25. ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் நூற்றுக்கு 34 பங்கு அதிகச் சூடு. காயில் காப்பின் ஆயுள், 10 டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பது மோட்டார்காரர்கள் வைத்திருக்கிற வாய்ப்பாடு. இதில் என் பங்கும் உண்டு. ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுந்து மோட்டார் நிற்கிறதே என்று, நானே அதை 12-க்குத் திருப்பி வைத்திருந்தேன். காவலாளி சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டிய கதை.

அடுத்து ஓம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். மும்முனையில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே அளந்த இழப்பை 1.732-ஆல் வகுத்தால் ஒரு கம்பியின் இழப்பு வரும். சிவப்பு-மஞ்சளில் இழப்பு 25. அதை 1.732-ஆல் வகுக்க 14.4 வோல்ட். 11 ஆம்பியரால் வகுக்க 1.31 ஓம்.

கேபிள் அட்டவணையைப் பார்த்தேன். 2.5 செம்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு 20 டிகிரியில் 7.4 ஓம். 200 மீட்டருக்கு 1.48. எங்கள் ஊர் வெயிலில் கம்பி 40 டிகிரிக்குப் போனால் செம்பின் தடை நூற்றுக்கு 8 பங்கு கூடும். ஆக 1.6 இருக்க வேண்டும். எனக்கு வந்தது 1.31.

டேலி ஆகவில்லை. பழைய கம்பியின் தடை அட்டவணையைவிடக் கூடியிருந்தால் புரியும். குறைவது எப்படி? வங்கியில் பத்து பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாத காலத்தில் வேலை பார்த்தவன் நான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்தவுடனே சிரித்தார். "பவர் ஃபேக்டரை விட்டுட்டீங்க சார்."

மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் கைகோத்து நடப்பதில்லை. மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்க ஒரு பங்கு மின்னோட்டம் போய்ப் போய்த் திரும்புகிறது. அது கம்பியில் ஓடும், கம்பியைச் சூடாக்கும், ஆனால் தண்ணீரைத் தூக்காது. அதனால் ஆம்பியர், வோல்ட்டுக்குச் சற்றுப் பின்தங்கி வரும். காசோலை இன்றைக்குப் போட்டாலும் கணக்கில் இரண்டு நாள் கழித்து ஏறுமே, அதுபோல. உண்மையில் வேலை செய்கிற பங்குதான் பவர் ஃபேக்டர். தமிழில் திறன் காரணி என்கிறார்கள். என் மோட்டாருக்கு சுமார் 0.82. கம்பியில் விழும் இழப்பும் லைன் வோல்ட்டும் ஒரே தாளத்தில் இல்லாததால், இரண்டு முனையிலும் அளந்து கழித்தால் உண்மையான இழப்பில் 0.82 பங்குதான் மீட்டரில் தெரியும். 1.31-ஐ 0.82-ஆல் வகுத்தேன். 1.6. பைசா சுத்தமாக டேலி.

இதிலிருந்து தெரிந்தது: கம்பி கெட்டுப்போகவில்லை. ஒல்லி, அவ்வளவுதான்.

ஆனால் மற்ற இரண்டு ஜோடியில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைகிறதே? 370-உம் 372-உம் வந்த ஜோடிகளில் பொதுவாக இருப்பது நீலம். ஆக நீலத்தில் ஏதோ இருக்கிறது. கேபிள் பாதி வழியில் ஒரு ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றியிருந்தது. முத்துக்குளிக்கிற கடற்கரை என்று பாடப்புத்தகம் எங்கள் ஊரைச் சொல்லும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. எங்களுக்கு மிச்சம் உப்பளமும் உப்புக்காற்றும். அந்தக் காற்று டேப்புக்குள் புகுந்து செம்பைப் பச்சைக் களிம்பாக்கியிருந்தது. மோட்டார் ஓடும்போதே ஜாயிண்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டர் முனையை வைத்துப் பார்த்தார் வயர்மேன். நல்ல ஜாயிண்டில் வோல்ட் காட்டவே கூடாது. சிவப்பிலும் மஞ்சளிலும் அப்படித்தான் இருந்தது. நீலத்தில் 5.5 வோல்ட்!

5.5 ÷ 11 = 0.5 ஓம். 5.5 × 11 = 60 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற பற்றுக்கோல் 60 வாட்டுக்குள்தான் இருக்கும். அப்படி ஒன்றை டேப்புக்குள் சுற்றி, தென்னை மட்டை மூடாக்குக்கு அடியில் வைத்திருந்திருக்கிறேன். தீப்பிடிக்காதது என் அதிர்ஷ்டம். அதோடு, மூன்று ஃபேஸில் வோல்டேஜ் சமமில்லாமல் போனால் ஆம்பியர் வித்தியாசம் அதைப்போலப் பல மடங்காகும்; ஒரு காயில் மட்டும் அதிகமாகக் காயும். மூன்று தடவையும் ஒரே பக்கத்துக் காயில்தான் முதலில் கருகியிருந்தது என்று கடைக்காரர் அப்புறம் சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மொத்த இழப்பைப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பியில் 11 × 11 × 1.6 = 194 வாட். மூன்று கம்பிக்கு 581. ஜாயிண்டில் 60. ஆக 640 வாட், வெறும் வழிச்செலவு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாளைக்கு 6 மணி நேரம் ஓட்டினால், கிட்டத்தட்ட 4 யூனிட் மின்சாரத்தால் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் இழுப்பதையும் சொல்லிவிடுகிறேன். 5 எச்.பி. என்றால் 5 × 746 = 3,730 வாட்தானே என்று நினைப்போம். அது மோட்டாரின் தண்டு கொடுக்கிற திறன். வாங்குகிற திறன் இல்லை. மும்முனையில் வாங்குவது 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர். போர்வாயில் சராசரி 372 வோல்ட், 11 ஆம்பியர், 0.82 என்று பெருக்க 5,800 வாட். கேபிள் இழப்பையும் சேர்த்தால் போர்டில் சுமார் 6,400. பெயர்த்தகட்டில் உள்ள எச்.பி.யை மட்டும் பார்த்து ஜெனரேட்டர் வாங்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கேபிளை மாற்றினேன். செம்பில் 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் கிலோமீட்டருக்கு 3.1 ஓம். அலுமினியத்தில் அதே தடை வேண்டுமானால் 10 ஸ்கொயர் எம்.எம். அலுமினியம் செலவு குறைவு, திருட்டுப் பயமும் குறைவு. நான் 10 அலுமினியம் ஆர்மர்டு கேபிளை மண்ணுக்குள் பதித்தேன். கடற்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கிச் சேர்த்தால், உப்புக்காற்று அந்த இடத்தை ஒரு பேட்டரி மாதிரி ஆக்கி அரித்துவிடும். பைமெட்டல் லக் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். நடுவழி ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

புது அளவு: போர்வாயில் 391 வோல்ட், 10 ஆம்பியர். 200 மீட்டருக்குத் தடை 0.65 ஓம் என்று வைத்தால் மூன்று கம்பியிலும் சேர்த்து இழப்பு 195 வாட். 640 இருந்த இடத்தில் 195. போர்டில் இழுப்பது 6,400-இலிருந்து 5,700-க்கு வந்தது. ரிலேயைப் பழையபடி இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் காயில் கடைக்குப் போகவில்லை.

கெப்பாசிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலோர் அதை ஸ்டார்ட்டர் பக்கத்தில்தான் மாட்டியிருப்போம். போய்த் திரும்புகிற அந்தச் சும்மா ஆம்பியர், கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவிலேயே சுற்றும். ஸ்டார்ட்டரில் இருந்தால் லைனுக்குச் சுமை குறையும், டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது. நம் 200 மீட்டர் கேபிளுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. கேபிளிலும் குறைய வேண்டுமானால் அது போர்வாயில் இருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் வாங்கியதும் எல்லாரும் செய்கிற ஒரு சோதனையை நானும் செய்தேன். கழற்றி வைத்த மோட்டாரின் காயிலில் ஓம் பார்த்தால் சில ஓம்தான் காட்டும். 415-ஐ அதால் வகுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் வருகிறது. மோட்டார் இழுப்பதோ 10. ஓம் பொய் சொல்கிறாரா? இல்லை. சுற்றுகிற மோட்டார், ஜெனரேட்டர் போலத் தானும் ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாக்கி வருகிற மின்சாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. காந்தப்புலமும் தன் பங்குக்கு எதிர்க்கிறது. அதனால் ஓடும் மோட்டாருக்கு இந்த நேர் வகுத்தல் பொருந்தாது. கம்பி, ஜாயிண்ட், ஹீட்டர், எர்த் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

ஸ்விட்ச் போட்ட முதல் நொடியில் மோட்டார் சுற்ற ஆரம்பித்திருக்காது, எதிர்த்துப் பிடிக்க ஆளில்லை. அப்போது ஓடுகிற அளவைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கப் பார்க்கும். பழைய கேபிளில் 40 ஆம்பியர் போனாலே ஒரு கம்பியில் 40 × 1.6 = 64 வோல்ட் விழும். மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். முன்பெல்லாம் ஸ்டார்ட் போட்டால் என் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் பார்க்க எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் போனால் போதும். கப்பலில் வரும் நிலக்கரியில் ஓடுகிற அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் வந்தது; தலா 210 மெகாவாட்டில் மொத்தம் ஐந்து அலகுகளாக வளர்ந்தது. இந்த அளவு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவருவது 15,750 வோல்ட்டில், ஆம்பியர் 9,000-க்கு மேல். அப்படியே கம்பியில் அனுப்பினால் மதுரை போய்ச் சேருவதற்குள் கம்பியே உருகும். டிரான்ஸ்ஃபார்மரில் 2,30,000 வோல்ட்டாக ஏற்றினால் ஆம்பியர் சுமார் 620-ஆகக் குறைகிறது. ஆம்பியர் பதினாலரைப் பங்கு குறைந்தால், அதே கம்பியில் சூடாகி வீணாவது 200 பங்குக்கு மேல் குறையும். அவ்வளவு தூரம் பத்திரமாக வந்த மின்சாரத்தை, கடைசி 200 மீட்டரில் நான் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லப்போவது காசு விஷயம் இல்லை. ஆடி மாதம், தென்மேல் காற்று அள்ளி வீசுகிற நேரம். வேலைக்கு வந்த அக்கா ஒருத்தர் "கேட்வால்வத் தொட்டா ஜிவ்வுங்குது சார்" என்றார். உடனே மெயினை இறக்கினேன். மோட்டார் கேபிளில் காப்பு பிய்ந்து இரும்புக் குழாயில் பட்டிருந்தது. எர்த் போட்டிருக்கிறோமே, ஃபியூஸ் ஏன் போகவில்லை?

எர்த் டெஸ்டர் வைத்து அளந்தோம். அதுவும் நம் வகுத்தல்தான்: எர்த் கம்பிக்கும் தூரத்தில் நட்ட இன்னொரு முளைக்கும் நடுவே ஆம்பியரை ஓடவிட்டு, நடுவில் ஒரு முளையில் வோல்ட்டைப் பார்த்து, வகுத்துச் சொல்கிறது. 40 ஓம் காட்டியது. என் எர்த் குழி தேரி மணல் மேட்டில் இருந்தது. மழைக்காலத்தில் சரியாக இருந்திருக்கும். ஆடியில் அந்தச் செம்மணல் காய்ந்து பொடியாகிவிடும், மின்சாரத்துக்கு வழி கிடைக்காது. 240 ÷ 40 = 6 ஆம்பியர். என் ஃபியூஸ் 16 ஆம்பியர். 6 ஆம்பியருக்கு அது எப்படிப் போகும்? குழாய் நாள் முழுக்க உயிரோடு இருக்கும்.

ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கிற மனித உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 240 ÷ 1,000 = 0.24 ஆம்பியர். 0.03 ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அன்றைக்கு அந்த அக்கா காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

எர்த்தை மேட்டிலிருந்து கீழே, எப்போதும் ஈரம் நிற்கிற வாய்க்கால் ஓரத்துக்கு மாற்றினோம். ஒரு முளைக்குப் பதிலாக இரண்டு. இரண்டுக்கும் நடுவே முளையின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி. இப்போது 6 ஓம். 240 ÷ 6 = 40 ஆம்பியர், சில நொடியில் ஃபியூஸ் போய்விடும். அதை மட்டும் நம்பாமல் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று, நம்ம ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுவது வழக்கம். உப்பளத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு மண்ணிலேயே உப்பு இருக்கிறது, முளைதான் சீக்கிரம் அரிக்கும். தென்னை வேருக்குப் பக்கத்தில் நாமே போய் உப்பைக் கொட்டுவானேன்? எங்கே போட்டிருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை ஆனி, ஆடியில் அளந்து பாருங்கள். ஐப்பசியில் அளந்து நல்ல எண் வந்தால் அதை நம்ப வேண்டாம்.

மண்பரிசோதனை அட்டையில், நீர்ப்பரிசோதனை அட்டையில் 'மின்கடத்துதிறன்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதுவும் இதே வகுத்தலைத் தலைகீழாகப் போட்டதுதான். ஒரு சென்டிமீட்டர் சதுரத் தகடுகள் இரண்டை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தண்ணீரில் வைத்து அளந்தால், கடல்நீர் 20 ஓம்தான் தடுக்கும். அதாவது 50 டெசிசீமென்ஸ். உப்பு கூடக் கூட ஓம் குறையும். பாசன நீரில் 2.25-க்கு மேல் போனால் மிக அதிக உப்பு வகை. வீட்டு மல்டிமீட்டர் முனைகளைத் தண்ணீரில் விட்டு இதை அளக்க முடியாது; ஒரே திசையில் மின்சாரம் போவதால் முனைகளில் குமிழி கட்டி, எண் ஏறிக்கொண்டே இருக்கும். இதற்கென்று உள்ள பேனா அளவிலான மீட்டர், திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை வைத்து அளக்கிறது.

என் போர் தண்ணீர் கேபிள் மாற்றும் முன் சித்திரையில் 2.0 இருந்தது, ஒரு சென்டிமீட்டருக்கு 500 ஓம். கேபிள் மாற்றிய பிறகு மோட்டார் வேகமாகத் தண்ணீர் இறைத்தது. சந்தோஷத்தில் கூட ஒரு மணி நேரம் ஓட்டினேன். வைகாசி கடைசியில் அளந்தபோது 2.3. இறைப்பு கூடினால் கடல் உள்ளே வரும் என்பதை மறந்திருந்தேன். மூடாக்கை இரண்டு மடங்கு கனமாகப் போட்டு, ஓட்டுகிற நேரத்தை நாலரை மணியாகக் குறைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு நோட்டு தொங்குகிறது. வோல்ட், ஆம்பியர், தண்ணீரின் அளவு, தேதி. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் போன மாதம் வந்து கேட்டார், "அண்ணாச்சி, அந்த மீட்டரக் கொஞ்சம் குடுங்க, எங்க போர்லயும் பாத்துட்டுத் தாரேன்." கொடுத்திருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.